டீயில் தொடங்கலாம்: பார்வையற்றவரைத் தனியாக இயங்கப் பழக்குவது

"நீ உக்காரு கண்ணு, நான் போட்டுத் தாரேன்." பார்வையற்ற பிள்ளை அடுப்படியில் கால் வைத்ததும் சேலத்து வீடுகளில் எழும் குரல் இது. பாசம்தான். முப்பது வயதிலும் ஒரு டம்ளர் டீக்கு அம்மாவை எதிர்பார்க்க வைப்பதும் அதே பாசம்தான்.

அதனால் முதல் பயிற்சி வீட்டாருக்கு. எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள். சர்க்கரை டப்பா ஒரு சாண் நகர்ந்தால் அவருக்கு அது காணாமல்போன பொருள். உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி டப்பாவில் இருந்தால் உப்புக்கு மட்டும் ஒரு ரப்பர் பேண்டு போடுங்கள். கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், இல்லையேல் முழுக்கச் சாத்தியிருக்கட்டும். நெற்றியில் இடிப்பது பாதி திறந்த கதவுதான். "அந்தா இருக்கு" என்பதை விட்டு, "வலது கைக்கு நேரா, ஒரு முழம் தள்ளி" என்று சொல்லுங்கள். வாழையிலையில் இந்த ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் அந்த ஓரம், சோறு மடிக்கு அருகே. தட்டிலும் தினமும் அதே வரிசையில் பரிமாறினால் போதும்.

இனி டீ. முதல் சில நாள் நெருப்பே வேண்டாம். சிலிண்டரை மூடிவிட்டு, ஆறிய அடுப்பில் பர்னரையும் அதைச் சுற்றியுள்ள தாங்கிக் கம்பிகளையும் விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பாத்திரத்தை வைத்து, அது நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் தொட்டு அறியட்டும். பெரும்பாலான அடுப்புகளில் குமிழைத் திருகியதும் முதலில் வருவது பெரிய தீ. கடைசிவரை திருகினால்தான் சிம். குமிழ் சிம்மில் நிற்கும் இடத்துக்கு நேராக, அடுப்பின் முகப்பில் மிளகளவு எம்-சீல் ஒட்டிக் காயவிட்டால் விரல் அதைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

பற்ற வைக்கும்போது பாத்திரம் முதலில், தீ பிறகு. எரியும் தீயின் மேல் பாத்திரத்தை இறக்கும்போதுதான் கை சுடும். இரண்டு மூன்று நொடிக்குள் 'பக்'கென்ற சத்தம் வராவிட்டால் குமிழை மூடிவிட்டு, வாடை போகும்வரை காத்திருக்க வேண்டும். துப்பட்டாவை முன்பே செருகிக்கொள்ள வேண்டும்.

பால் பொங்குவதைக் காதால் பிடிப்பது கடினம். அதற்குப் பால் குக்கர்தான் சரி. ஆனால் அதன் இரட்டைச் சுவருக்குள் தண்ணீர் ஊற்ற மறந்தால் விசில் வராது, குக்கர்தான் தீயும்.

ஊற்றும்போது பலரும் விரலை டம்ளருக்குள் விட்டு அளவு பார்க்கப் பழக்குகிறார்கள். பச்சைத் தண்ணீருக்கு அது சரி, டீக்கு ஆகாது. எத்தனை கரண்டி பச்சைத் தண்ணீரில் டம்ளர் முக்கால் நிறைகிறது என்று முன்பே எண்ணி வைத்துக்கொண்டால், டீயையும் அதே எண்ணிக்கையில் மொண்டு ஊற்றலாம். டம்ளர் ஒரு தட்டுக்குள் இருக்கட்டும். சிந்தினாலும் மேடை நனையாது, திட்டும் விழாது.

பணம் வேறு தலைவலி. புதிய வரிசையில் ஐம்பது முதல் ஐந்நூறு வரை நோட்டுகள் எல்லாம் 66 மி.மீ. அகலம், நீளம்தான் மாறும். 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. நான்கு மி.மீ. வித்தியாசத்தை நெரிசலில் நின்றுகொண்டு விரல் பிடிக்காது. பழைய நோட்டு கலந்தால் குழப்பம் இன்னும் கூடும்: பழைய 100 ரூபாய் 157 மி.மீ., புதிய 500-ஐவிட நீளம். பழைய பத்து 137, புதிய ஐம்பது 135. புதிய நோட்டின் ஓரத்தில் புடைத்த சாய்கோடுகள் உண்டு: நூறில் நான்கு, இருநூறில் நான்குடன் இரண்டு வட்டம், ஐந்நூறில் ஐந்து. கசங்கிய நோட்டில் அதுவும் தேய்ந்துவிடும். ஆகவே வீட்டிலேயே பிரித்து மடித்து வைப்பதே நடைமுறை: நூறு குறுக்கே ஒரு மடிப்பு, இருநூறு நெடுக்கே, ஐந்நூறு நான்காக. சந்தேகம் வந்தால் ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்ட 'மணி' செயலி இணையம் இல்லாமலே நோட்டைப் படித்துச் சொல்லும்.

வெளியே போக வெள்ளைக்கோல் நெஞ்செலும்பு உயரம் இருக்க வேண்டும். வலது கால் முன்னே போகும்போது கோல் இடப்பக்கம் தட்ட வேண்டும். தோள் அகலத்துக்குச் சற்றே அதிகமாக வீசினால் போதும். கூட வருபவர் பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அவர் உங்கள் முழங்கைக்கு மேல் பிடித்து அரைத் தப்படி பின்னே வரட்டும். செவ்வாய்ப்பேட்டை சந்துகளில் வாசல் சாய்தளமும் சாக்கடை மூடியும் மாறி மாறி வரும், நிறுத்திய வண்டிகள் வேறு. "படி" என்று மட்டும் சொன்னால் போதாது, ஏறுகிற படியா இறங்குகிற படியா என்பதையும் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் கணக்கு மாறும். பனிமூட்டத்தில் இவர் வழக்கம்போலவே நடந்துவிடுவார். வண்டி ஓட்டுபவருக்குத்தான் இவரைத் தெரியாது. கோலில் ஒளிரும் பட்டையும், மேலே பளிச்சென்ற நிறத்தில் சட்டையும் அங்கே அவசியம். அடித்துப் பெய்யும் மழையில் வண்டிச் சத்தமும் காதில் விழாது. அந்த நேரத்தில் சாலையைக் கடக்காமல் டீக்கடையில் ஒதுங்கி நிற்பதும் பயிற்சியில் சேர்த்திதான்.