பின் சீல் போயிட்டுது என்று சொன்னால், முதலில் மேலே பாருங்கள்

பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் எங்கள் கராச்சுக்கு வரும்போது பெரும்பாலும் நோயின் பெயரையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "அண்ணை, பின் மெயின் சீல் போயிட்டுதாம். கியர்பொக்ஸ் இறக்க வேணுமாம்." சொன்னவர் வேறொரு கராச்காரராக இருப்பார், அல்லது எம்.ஓ.ரி என்ற வருடாந்த வாகனச் சோதனை பார்த்தவராக இருப்பார். காரின் நடுப்பகுதியில், எஞ்சினும் கியர்பொக்ஸும் சேரும் இடத்திலிருந்து ஒயில் சொட்டுகிறது. அந்த இடத்தில் இருப்பது பின் மெயின் சீல், எஞ்சினின் பிரதான சுழல்தண்டான கிராங்க் பின்பக்கம் வெளிவரும் இடத்தில் ஒயிலைத் தடுக்கும் வளையம். ஆகவே சீல் போய்விட்டது என்று முடிவு. அதற்கான கூலி பல நூறு பவுண். இப்படி வருகிற கார்களில் கணிசமானவற்றுக்கு உண்மையில் வேண்டியது ஒன்றிரண்டு பவுண் பெறுமதியான ஒரு றப்பர் வளையம்தான்.

பிரித்தானியாவில் இளைஞர்கள் குறைந்த காசுக்கு வாங்கக்கூடிய உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் இது. எங்கள் பிள்ளைகளும் விரும்பி வாங்குகிறார்கள். 1989இல் வெளிவந்த முதல் தலைமுறையும், 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறையும்தான் இன்று பழைய எம்எக்ஸ்-5 என்று கைமாறுகின்றன. ஜப்பானிலிருந்து யூனோஸ் என்ற பெயரோடு இறக்குமதியானவையும் நிறைய ஓடுகின்றன. முதலில் 1.6 லீற்றர் எஞ்சின், 1993இலிருந்து 1.8ம் சேர்ந்தது. இரும்பு புளொக், அதன்மேல் அலுமினிய ஹெட், அதில் வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம் ஷாஃப்ற். எஞ்சின் உறுதியானது, ஒழுங்காகப் பார்த்தால் நெடுநாள் ஓடும். ஆனால் அதைச் சுற்றியுள்ள றப்பருக்கு இருபது, முப்பது வயதாகிவிட்டது. சூட்டிலும் ஒயிலிலும் கிடந்த றப்பர் இறுகி, தட்டையாகி, நெகிழ்ச்சியை இழக்கிறது. மைல் குறைவு என்று விளம்பரத்தில் எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். வருடக் கணக்கில் ஓடாமல் நின்ற கார், தினமும் ஓடிய காரைவிட அதிகம் ஒழுகுவதை நான் அடிக்கடி காண்கிறேன்.

முதலில், ஒழுகுவது எஞ்சின் ஒயில்தானா? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். ஆனால் இந்தக் காரில் கிளச்சை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் ஸ்லேவ் சிலிண்டர் ஒழுகுவது மிகச் சாதாரணம். அது கியர்பொக்ஸின் முன்பகுதியில் வெளியே பூட்டியிருப்பதால், அதன் சொட்டும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழும். அது பிரேக் எண்ணெய். தண்ணீர் போல மெல்லியது, பெயின்ற்றை அரிக்கும். கியர் ஒயிலுக்குக் கந்தக நாற்றம் உண்டு, ஒருதரம் மணந்தவர் மறக்கமாட்டார். கூலன்ற் இனிப்பாக மணக்கும். இரவில் காருக்கு அடியில் ஒரு வெள்ளைக் காட்போட் மட்டையைப் போட்டு, முன்சில்லுகள் நின்ற இடத்தைப் பேனையால் குறித்துவிடுங்கள். காலையில் எது, எங்கே, எவ்வளவு என்ற மூன்றும் ஓரளவு தெரிந்துவிடும்.

அடுத்தது கழுவுதல். இதைத் தவிர்த்துவிட்டுத் தேடுவது வீண்வேலை. பத்து வருட ஒயிலும் தூசும் சேர்ந்த கரிக் களிக்குள் புது ஒழுக்கை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. டிகிரீசர் அடித்து, தூரிகையால் உரசி, துணியால் துடையுங்கள். அழுத்த நீரைக் கொண்டுபோய் கொயில், ஆல்டர்னேற்றர், பிளக் குழிகள் பக்கம் அடிக்க வேண்டாம். அப்படிச் செய்துவிட்டு ஸ்ராட் வராமல் இழுவை வண்டியில் வந்தவர்களும் உண்டு. சுத்தம் செய்தபின் ஒரு நாள் ஓடிவிட்டு, நல்ல ரோச் லைற்றோடு மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஓடும்போது காற்று ஒயிலைப் பின்னுக்குத் தள்ளும், நின்றபின் அது கீழே இறங்கும். ஓட்டுக் கூரை ஒழுக்கு மாதிரித்தான், முகட்டில் உடைந்த ஓட்டின் தண்ணீர் மண்டபத்தின் மறுமூலையில் சொட்டும். ஆகவே ஈரம் இருக்கும் ஆக உயரமான, ஆக முன்பக்கமான இடமே சந்தேகத்துக்கு உரியது. அப்படியும் பிடிபடாவிட்டால் ஒயிலுக்குள் ஊற்றும் புற ஊதாச் சாயம் இருக்கிறது. ஓடிவிட்டு வந்து அதற்குரிய விளக்கை அடித்தால் ஒழுக்கின் பாதை பளிச்சென்று தெரியும். காசு போடாமல் செய்வதென்றால், துடைத்துக் காய்ந்த இடத்தில் முகப் பவுடரைத் தூவிப் பாருங்கள்.

இனி அந்த றப்பர் வளையத்துக்கு வருவோம். முதல் தலைமுறைக் கார்களில் எஞ்சின் ஹெட்டின் பின்முனையில், ஓட்டுநர் அறைச் சுவரோடு ஒட்டினாற்போல, கேம் ஆங்கிள் சென்சர் என்ற உருளையான பாகம் இருக்கிறது. கேம் ஷாஃப்ற்றின் முனைதான் அதைச் சுழற்றுகிறது. அதன் கழுத்தில் ஒரு ஓ-றிங், நான் சொன்ன றப்பர் வளையம் இதுதான். அது இறுகியதும் ஒயில் ஹெட்டின் முதுகு வழியாக இறங்கி, கிளச்சை மூடியிருக்கும் கியர்பொக்ஸின் முன்கூடான பெல்ஹவுசிங்கின் தோளில் விழுந்து, அதைச் சுற்றி ஓடி, அடியில் சரியாகப் பின் மெயின் சீல் இருக்கும் இடத்தில் வந்து சொட்டும். மேலே கொயில் மறைத்துக்கொண்டு நிற்பதால் பொனற்றைத் திறந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. அடியிலிருந்து பார்ப்பவருக்குச் சீல் ஒழுகுவது போலத்தான் தெரியும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. பெல்ஹவுசிங்கின் வெளி மேற்பகுதியைக் கையால் தடவுங்கள், அல்லது சிறு கண்ணாடி பிடித்துப் பாருங்கள். அங்கே ஈரமென்றால் ஒயில் மேலிருந்து வருகிறது. மேற்பக்கமும் வெளிப்பக்கமும் காய்ந்திருந்து, பெல்ஹவுசிங்கின் உள்ளிருந்து மட்டும் ஒயில் இறங்கினால் அப்போதுதான் சீலைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் மணந்து பாருங்கள், கியர்பொக்ஸின் முன் சீல் ஒழுகினாலும் அதே வழியால்தான் வரும்.

ஓ-றிங் மாற்றுவதில் கஷ்டம் கை எட்டாததுதான். சென்சரைப் பிடித்திருப்பது ஒரேயொரு 12 மி.மீ. போல்ற். கழற்றுமுன் சென்சரும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதைத் திருப்பித்தான் இக்னிஷன் ரைமிங் வைக்கப்படுகிறது. பழைய வளையத்தைக் கத்தியால் வெட்டி எடுத்து, புதியதில் கொஞ்சம் ஒயில் தடவிப் பூட்டி, கீறிய கோட்டுக்கு நேரே வைத்து இறுக்குங்கள். பிறகு ரைமிங் லைற் பிடித்துப் பார்ப்பதே முறை. டயக்னொஸ்ரிக் பெட்டிக்குள் ரிஈஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்ற இரண்டு முனைகளையும் சிறு வயரால் இணைத்து, எஞ்சின் சூடாக ஐடிலில் (அக்சிலரேற்றரை மிதிக்காமல்) ஓடும்போது, பிஸ்டன் ஆக உயரே வரும் மேல்மையத்துக்கு முன் 10 பாகை காட்ட வேண்டும். கடையில் கிடைத்த ஏதோவொரு வளையத்தைப் போடாமல், சூட்டையும் ஒயிலையும் தாங்கும் றப்பரில் செய்ததையே வாங்குங்கள். இல்லையென்றால் சில வருடத்தில் மறுபடியும் அதே கதைதான்.

இரண்டாவது சந்தேகநபர் கேம் கவர் கஸ்கற், அதாவது கேம் ஷாஃப்ற்றுகளை மூடும் மூடிக்கும் ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் றப்பர். பின்மூலையில் ஒழுகினால் இதுவும் அதே பாதையால் இறங்கும். அதனால் சென்சர் வளையம் மாற்றும்போது கஸ்கற்றையும் சேர்த்து மாற்றுங்கள் என்றுதான் சொல்வேன். மார்ச்சில் ஒன்றும் யூனில் மற்றொன்றும் என்று இரண்டுதரம் கூலி கொடுப்பதில் பயனில்லை. இதில் நான் காணும் பிழை ஒன்றுதான்: கஸ்கற்றை மட்டும் வைத்து மூடிவிடுவது. முன்பக்கக் கேம் தொப்பிகள் ஹெட்டோடு சேரும் மூலைகளிலும், பின்னால் அரைவட்டமாக வளையும் இடங்களிலும் கொஞ்சம் சிலிக்கன் சீலன்ற் வைக்க வேண்டும். கொஞ்சம்தான். பிதுங்கி உள்ளே விழுகிற துண்டு ஒயில் பம்பின் வடியில் போய் அடைக்கும். போல்ற்றுகளுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீற்றர் வரைதான் இறுக்கம், அதாவது சின்ன ராட்செற்றை இரண்டு விரலால் பிடித்து இறுக்கும் அளவு. ஒழுகுது என்று பலமாக இறுக்கினால் அலுமினியப் புரி கழன்றுவிடும்.

கேம் கவர் ஒழுக்குக்கு இன்னும் இரண்டு முகங்கள் உண்டு. உட்பக்கம் ஒழுகினால் பிளக் குழிகளில் ஒயில் நிறையும், பிளக் வயர்களின் றப்பர் ஊதும், எஞ்சின் இடறும். பிளக்கைக் கழற்றுமுன் அந்த ஒயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். வெளியே எக்ஸோஸ்ற் பக்கம் ஒழுகினால் சூடான மனிபோல்ட்டில் விழுந்து புகையும். சிக்னலில் நிற்கும்போது ஹீற்றர் வழியாகக் கருகல் மணம் வருகிறதென்றால் இதுதான். ஒயில் நிலத்தில் விழுவதை நான் பொறுத்துக்கொள்வேன், எக்ஸோஸ்ற்றில் விழுவதைப் பொறுக்கமாட்டேன். அது தீப்பிடிக்கக்கூடிய விஷயம், அன்றே திருத்த வேண்டும்.

எந்தக் கஸ்கற்றையும் சீலையும் மாற்றுமுன் பி.சி.வி வால்வைப் பாருங்கள். கேம் கவரில் செருகியிருக்கும் விரலளவு சாமான் அது. பிஸ்டன் றிங்குகளைத் தாண்டிக் கீழே வரும் வாயுவை இன்ரேக் மனிபோல்ட்டுக்குத் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. அது அடைபட்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அதன் வழியாக ஒயிலை வெளியே தள்ளும். கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் கேட்க வேண்டும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது வால்வின் முனையை விரலால் மூடினால் உறிஞ்ச வேண்டும். இது சரியில்லாமல் மற்றதெல்லாம் மாற்றினால் புதுச் சீலும் ஒழுகும், பழி சீலின் மேல் விழும்.

இன்ரேக் மனிபோல்ட்டுக்கு அடியில், ஒயில் பில்ரருக்கு அருகே ஈரமென்றால், ஒயில் அழுத்தத்தை அளந்து டாஷ்போர்ட்டுக்கு அனுப்பும் பிரஷர் சென்டரைப் பாருங்கள். ஆரம்ப வருடங்களின் கார்களில் அது பெரிய டப்பா மாதிரி இருக்கும், அதன் மடிப்பில் கசியும். ஒயில் மாற்றிய மறுநாளே கொட்டத் தொடங்கினால் வேறெங்கும் தேட வேண்டாம். பழைய பில்ரரின் றப்பர் வளையம் புளொக்கில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேலேயே புதுப் பில்ரரைப் பூட்டியிருப்பார்கள். எஞ்சினை உடனே நிறுத்துங்கள். இந்த ஒழுக்கு அழுத்தத்தோடு வருவது, சில நிமிடத்தில் எஞ்சினை வறட்டிவிடும்.

முன்பக்கம் இரண்டு கேம் சீல்களும் ஒரு கிராங்க் சீலும் ரைமிங் பெல்ற் மூடிக்குள் இருக்கின்றன. ஏறக்குறைய 60,000 மைலுக்கு ஒருமுறை பெல்ற் மாற்றும்போது இவற்றையும் தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றுவதே புத்தி. ஒயிலில் ஊறிய பெல்ற்றைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பூட்டக் கூடாது. முதல் தலைமுறை எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் மோதாது என்ற தைரியத்தில் சிலர் தள்ளிப்போடுகிறார்கள். மோட்டர்வேயின் நடு லேனில் எஞ்சின் நிற்பது அவர்களுக்குப் பரவாயில்லைப் போலும். 1991 நடுப்பகுதிக்கு முந்திய 1.6 கார்களில் கிராங்கின் மூக்குப் பகுதி கட்டையானது. அதில் பூட்டியிருக்கும் கப்பி ஆடுகிறதா, கப்பியைப் பிடித்திருக்கும் சாவிக் காடி தேய்ந்திருக்கிறதா என்று சீல் மாற்றும்போதே பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கிராங்க் போனால் எஞ்சினே போன மாதிரி.

இவ்வளவும் பார்த்தபின்னும் பெல்ஹவுசிங்கின் உள்ளிருந்து எஞ்சின் ஒயில் வந்தால், சரி, பின் மெயின் சீல்தான். கியர்பொக்ஸை டிஃபரென்ஷியலோடு இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டத்தைக் கழற்றி, கியர்பொக்ஸை இறக்க வேண்டும். கிளச் தட்டு, பிரஷர் பிளேற், ரிலீஸ் பெயரிங் எல்லாம் அப்போது கண்முன்னே இருக்கும். கிளச் பழசென்றால் அதையும் அன்றே மாற்றுங்கள், கூலி ஒன்றுதான். சீலை மட்டுமல்ல, அது உட்கார்ந்திருக்கும் கூட்டின் ஓரமும், எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்போடு சேரும் மூலையும் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். சம்ப்பை இறக்குவது இந்தக் காரில் பெரிய வேலை. எஞ்சினைத் தூக்கவோ சப்ஃபிரேமை இறக்கவோ வேண்டும். கொஞ்சம் வியர்க்கும் சம்ப்புக்காக அதைச் செய்யச் சொல்லி நான் யாரிடமும் காசு வாங்குவதில்லை.

போத்தலில் விற்கும் ஒழுக்கு நிறுத்தி மருந்து பற்றிக் கேட்பார்கள். அது பழைய றப்பரைச் சற்று ஊதவைக்கும், சில மாதம் ஒழுக்குக் குறையலாம். காரை விற்கப்போகிறவருக்குப் பிடித்த மருந்து அது. உடைந்த வளையத்தையோ அடைபட்ட வால்வையோ அது திருத்தாது. தடித்த ஒயில் ஊற்றுவதும் அப்படித்தான். முதல் தலைமுறை எஞ்சினில் வால்வுகளை இயக்குபவை ஒயில் அழுத்தத்தில் வேலைசெய்யும் ஹைட்ரோலிக் லிஃப்ரர்கள். குளிர்காலக் காலையில் தடித்த ஒயில் மேலே ஏறச் சுணங்கினால் அவை டக்டக்கென்று தட்டத் தொடங்கும்.

ஒழுக்கோடு ஓடலாமா என்பது அளவைப் பொறுத்தது. எம்.ஓ.ரி சோதனையில், ஐந்து நிமிடத்துக்குள் 75 மில்லிமீற்றருக்கு மேல் விட்டமுள்ள குளம் நிலத்தில் சேர்ந்தால் காரை ஃபெயிலாக்க வேண்டும் என்பது விதி. வாரத்தில் இரண்டு சொட்டு அந்த அளவை எட்டாது. ஆனால் இந்த எஞ்சின் கொள்வதே மொத்தம் நாலு லீற்றர் அளவு. ஒரு லீற்றர் குறைந்தால் அது காற்பங்கு. கிழமைக்கு ஒருதரம் டிப்ஸ்ரிக்கைத் துடைத்துப் பாருங்கள். டாஷ்போர்ட்டின் ஒயில் அழுத்த முள்ளை நம்ப வேண்டாம், குறிப்பாக 1995க்குப் பிந்திய கார்களில். அதற்கு முந்தியவற்றில் முள் உண்மையான அழுத்தத்தைக் காட்டியது. பிறகு மஸ்டா அதை வெறும் சுவிச்சாக மாற்றிவிட்டது. கொஞ்சம் அழுத்தம் இருந்தாலே முள் நடுவில் போய் நிற்கும். அது விழும்போது எஞ்சினுக்குள் சேதம் தொடங்கியிருக்கும்.

டிரைவ்வேயில் விழுந்ததை ஹோஸ் பிடித்து வடிகாலுக்குள் கழுவிவிடாதீர்கள். பூனை மண்ணைக் கொட்டி ஊறவிட்டுக் கூட்டி அள்ளுங்கள். வடித்த பழைய ஒயிலைக் கானில் அடைத்துக் கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோனால் வாங்கிக்கொள்வார்கள்.