பணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள்

இந்த ஜூனில் மட்டும் இது நாலாவது ரசீது. தோள்பட்டை வலிக்காக பிசியோதெரபிஸ்டான என்னிடம் வந்துகொண்டிருப்பவர், சிகிச்சை முடிந்து சட்டையை மாட்டிக்கொண்டே, "மேடம், பாப்பாவையும் உங்க லைன்லயே சேர்த்துட்டேன்" என்றார். பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். நாற்பதாயிரம் ரூபாய். பிசியோதெரபி டிப்ளமோ, ஒரு வருடம், சனி ஞாயிறு வகுப்பு. பிளஸ் டூவில் பாப்பா என்ன குரூப் என்று கேட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்.

"குரூப்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லைன்னு சொன்னாங்களே மேடம்."

சொல்வார்கள். பணம் வாங்குகிறவருக்கு எந்த குரூப்பும் பிரச்சினை இல்லை.

விஷயம் இவ்வளவுதான். பிசியோதெரபிக்கான பி.பி.டி. பட்டமோ, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கான பி.ஓ.டி. பட்டமோ படிக்க, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியல், விலங்கியல் இரண்டும் இருந்தாலும் சரி. சேரும் வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். கணிதம் கட்டாயமில்லை. கணக்கென்றால் அலறும் பிள்ளை ப்யூர் சயின்ஸ் எடுத்தால் போதும் என்பதைக்கூட யாரும் சொல்லித் தருவதில்லை. ஆக, இந்தப் படிப்புக்கான கதவு திறப்பதும் மூடுவதும் பிளஸ் ஒன் சேரும் அன்றைக்கே நடந்துவிடுகிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு யோசிப்பவர்கள் இரண்டு வருடம் தாமதம்.

சரி, பயாலஜி எதற்கு? இந்தக் கேள்விதான் எனக்கு ரத்தக்கொதிப்பை ஏற்றுவது. "பிடிச்சு விடுற வேலைதானே மேடம்?"

இல்லை. ஒருவர் கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சுடுகிறது, வலிக்கிறது என்று வருகிறார். பிடித்துவிடத்தான் கை போகும். ஆனால் உள்ளே ஆழமான சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். பிடித்துவிட்டால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம், ஆள் போய்விடலாம். இவரைத் தொடக்கூடாது, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் படிப்பு. கை வைப்பதைவிட எப்போது கை வைக்கக்கூடாது என்று தெரிவதற்குத்தான் முதல் வருடம் உடற்கூறியலும் உடலியங்கியலும், அடுத்தடுத்து நோயியல், நுண்ணுயிரியல், நரம்பியல், எலும்பியல், இதய நுரையீரல் சிகிச்சை என்று வரிசையாக வருகின்றன. சடலத்தின் முன் நின்று, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலை இழை இழையாகப் பிரித்துப் பார்த்தவளுக்குத்தான் விரல் மரத்துப்போனால் கழுத்தைச் சோதிக்கத் தோன்றும்.

இயற்பியலும் அப்படித்தான். வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியில் (ஸ்கேன் இல்லை) ஆழத்துக்குப் போக 1 மெகாஹெர்ட்ஸ், மேலாக இருக்கும் திசுவுக்கு 3 மெகாஹெர்ட்ஸ். ஷார்ட்வேவ் டயதர்மி என்று ஆழமாகச் சூடேற்றும் கருவி ஒன்று உண்டு. காலுக்குள் பிளேட், ஸ்க்ரூ வைத்தவருக்கு அந்த இடத்தில் அதைக் காட்டினால் உலோகத்தைச் சுற்றியுள்ள சதை உள்ளேயே வெந்துபோகலாம். அப்படி வெந்த ஒரு முழங்காலுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். கருவியை வைத்தவர் ஒரு வருட டிப்ளமோ.

ஆக்குபேஷனல் தெரபி பாடு இன்னும் மோசம். பெயரைக் கேட்டதும் "வேலை வாங்கித் தருவீங்களா?" என்கிறார்கள். பக்கவாதம் வந்தவர் மறுபடி தானே சட்டை போட, தானே சோறு அள்ள வழி செய்கிறவர்தான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். அசையாத கையை முதலில் சட்டைக்குள் நுழைக்க வேண்டும், நல்ல கை அப்புறம். என் தோழி ஒருத்தி ஸ்பூன் பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுப்பாள். பிடி தடிமனாகிவிடும், விரல் மடங்காதவரும் பிடித்துவிடுவார். பார்க்க எளிதாக இருக்கும். எந்தத் தசைக்கு எவ்வளவு பலம் மிச்சம் என்று தெரிந்திருந்தால்தான் டியூபை எத்தனை சுற்று சுற்றுவது என்று தெரியும். ஆட்டிசம் குழந்தைகளுக்கு இவர்கள் இப்போது எவ்வளவு தேவை! ஆனால் தமிழ்நாட்டில் பி.ஓ.டி. இருக்கும் கல்லூரிகள் கொஞ்சம்தான். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் மத்திய அரசு நிறுவனத்திலும் இருப்பதே பலருக்குத் தெரியாது.

பணம் கட்டும் முன் சில விஷயங்களைப் பாருங்கள். கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று கேளுங்கள். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் என்று சொன்னால் அதன் இணையதளத்தில் அந்தக் கல்லூரி பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். தபால் வழியிலோ ஆன்லைனிலோ இந்தப் பட்டங்கள் கிடையாது, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யே தடுத்திருக்கிறது. யாராவது ஆன்லைனில் தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆக்குபேஷனல் தெரபி என்றால் நோயாளிகளோடு எத்தனை மணி நேரப் பயிற்சி என்று கேளுங்கள். உலக ஆக்குபேஷனல் தெரபி கூட்டமைப்பு குறைந்தது 1000 மணி நேரம் கேட்கிறது. வெளிநாட்டுக் கனவு இருந்தால் இந்தக் கணக்கு கட்டாயம் வரும். பிசியோதெரபி போன்ற மருத்துவம் சார்ந்த தொழில்களுக்காக 2021-இல் வந்த தேசிய ஆணையச் சட்டத்துக்குப் பிறகு, படிப்புக் காலம், நீட் வேண்டுமா வேண்டாமா என்பது உட்பட விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. போன வருடம் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையனைக் கேட்காதீர்கள். இந்த வருடச் சேர்க்கைக்கான தகவல் குறிப்பேட்டை வரி வரியாகப் படியுங்கள். புரியாவிட்டால் தெருமுனையில் இருக்கும் எந்த பிசியோவிடமும் காட்டுங்கள், பத்து நிமிடம் ஒதுக்க மாட்டோமா?

அந்த நாற்பதாயிரம் திரும்பி வரவில்லை. போன வாரம் அவர் வந்தபோது மகளும் கூட வந்தாள். சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி செய்தார். விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். பழைய கோட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே. "அப்பாவுக்கு சுகர் இருக்கு, அதுக்கும் தோளுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா மேடம்?" என்று கேட்டாள். இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இப்படி இறுகிப்போவது அதிகம். சரியான கேள்வி. கல்லூரியில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

கிளம்பும்போது அவர் வாசலில் நின்று, "சின்னவன் பத்தாவது முடிச்சிருக்கான் மேடம். என்ன குரூப் போடலாம்?" என்றார். உட்காரச் சொன்னேன்.