பல்கலைக்கழக இணையப்பக்கங்கள்: யார் பொறுப்பு, எதுவரை?

பல்கலைக்கழகத்தில் இணையதள விதிமுறை எழுத ஒரு குழு போட்டால், முதல் கூட்டம் பெரும்பாலும் லோகோவிலேயே கழியும். எந்த மூலையில் வைப்பது, எந்த நீலம், துணைவேந்தர் படம் முகப்பில் வேண்டுமா வேண்டாமா. இதற்கெல்லாம் விதியே தேவையில்லை. தளத்தின் டெம்ப்ளேட்டில் லோகோவையும் நிறத்தையும் பூட்டிவைத்தால் வேலை முடிந்தது. விதி எழுதித்தான் ஆகவேண்டிய கேள்விகள் இரண்டு. இந்தப் பக்கத்துக்கு இன்று யார் பதில் சொல்வார்? இது எந்தத் தேதிவரை செல்லும்? ஒவ்வொரு பக்கத்துக்கும் இந்த இரண்டுக்கும் விடை இருந்தால் மற்ற விதிகளை நடைமுறைப்படுத்தலாம். இல்லாவிட்டால் 40 பக்க விதிமுறையும் அலமாரியில்தான் தூங்கும்.

பொறுப்பு பதவிக்கு

துறைத் தளங்கள் வழக்கமாக எப்படிப் பிறக்கின்றன? கணினி தெரிந்த ஓர் ஆராய்ச்சி மாணவரோ இளம் ஆசிரியரோ ஆர்வத்தில் செய்து கொடுப்பார். லாகின் அவருடைய சொந்த மின்னஞ்சலில் இருக்கும். அவர் படிப்பை முடித்துப் போகும்போது பாஸ்வேர்டும் கூடப் போய்விடும். ஓய்வுபெற்ற பேராசிரியர் பல ஆண்டுகள் கழித்தும் தளத்தில் துறைத்தலைவராக வீற்றிருப்பது இப்படித்தான்.

விதியில் இப்படி எழுதலாம்: "துறைத் தளத்தின் உள்ளடக்கத்துக்குத் துறைத்தலைவர் பொறுப்பு. அவர் நிரந்தரப் பணியாளர் இருவரைப் பக்கங்களைப் பராமரிக்க நியமிப்பார். தொடர்பு மின்னஞ்சல் துறையின் பெயரில் இருக்க வேண்டும். சர்வர், பாதுகாப்பு, பேக்கப் ஆகியவை கணினி மையத்தின் பொறுப்பு." இருவர் என்பதை விட்டுவிடாதீர்கள், ஒருவர் விடுப்பில் போகும் வாரத்தில்தான் தேர்வுத் தேதி மாறும். மாணவர்களும் இந்த வேலையைச் செய்யலாம். ஆனால் அவரவர் பெயரில் தனி லாகின் தரவேண்டும், அதற்கு முடிவுத் தேதியும் போடவேண்டும். ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் வைத்திருந்தால் தவறான தகவலை யார் ஏற்றினார் என்று பிறகு பார்க்க வழியில்லை.

பணியிலிருந்து விடுவிக்கும்போது நூலகப் புத்தகம் நிலுவை இருக்கிறதா என்று கேட்கும் படிவம் இருக்குமே, அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "பராமரித்த இணையப்பக்கங்கள் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன?" இந்த ஒரு வரி பத்துச் சுற்றறிக்கைகளைவிட அதிகம் சாதிக்கும்.

ஒரு தகவலுக்கு ஓர் இடம்

கட்டண விவரம் சேர்க்கை அலுவலகப் பக்கத்தில் இருக்கும். அதையே வசதிக்காகத் துறைப் பக்கத்திலும் விடுதிப் பக்கத்திலும் தகவல் கையேட்டு பிடிஎஃப்பிலும் நகலெடுத்துப் போடுவார்கள். அடுத்த ஆண்டு கட்டணம் மாறும். ஓரிடத்தில் மட்டும் திருத்துவார்கள். தேடுபொறியில் எது முதலில் வருகிறதோ அதைத்தான் மாணவர் நம்புவார். எல்லாப் பக்கங்களும் ஒரே பல்கலைக்கழக முகவரியில் இருப்பதால், எது அதிகாரபூர்வமானது, எது பழைய நகல் என்று பிரித்துப் பார்க்க அவருக்கு வழி கிடையாது. குறைந்த தொகையைப் பார்த்துவிட்டு வந்து நிற்பவரிடம் "அது பழைய பக்கம்" என்று சொல்வது நியாயமில்லை.

ஆகவே கட்டணம், தேர்வுக் கால அட்டவணை, பாடத்திட்டம், தகுதி விதி ஆகிய நான்கும் அவற்றை முடிவு செய்யும் அலுவலகத்தின் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும். மற்றவர்கள் லிங்க் தரலாம், நகலெடுக்கக் கூடாது.

காலாவதித் தேதி

பக்கத்தை உருவாக்கும் படிவத்திலேயே மறுஆய்வுத் தேதியைக் கட்டாயமாக்க முடியும். உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள் பலவற்றில் இந்த வசதி உண்டு. நடைமுறைக்கு ஒத்துவரும் அளவுகள் இவை: பொதுப் பக்கங்களுக்கு 12 மாதம், கருத்தரங்குத் தளங்களுக்கு நிகழ்ச்சி முடிந்து 6 மாதம், விண்ணப்ப அறிவிப்புகளுக்கு விண்ணப்பத்தின் கடைசித் தேதி. 30 நாளுக்கு முன் ஒரு நினைவூட்டல், 7 நாளுக்கு முன் இன்னொன்று. பதில் வராவிட்டால் பக்கம் மெனுவிலிருந்து விலகி, "இப்பக்கம் சரிபார்க்கப்படவில்லை" என்ற பட்டையைத் தாங்கி நிற்கட்டும்.

காலாவதி ஆனதை எல்லாம் அழித்துவிடக் கூடாது. பழைய பாடத்திட்டம் இன்றைய மாணவருக்குத் தேவையில்லை. ஆனால் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேரும் முன்னாள் மாணவருக்கு, தான் படித்த ஆண்டின் பாடத்திட்டம் வேண்டும். ஒழுங்குமுறைகள், பாடத்திட்டங்கள், ஆண்டறிக்கைகள் எல்லாம் காப்பகப் பகுதிக்குப் போகவேண்டும். மேலே "2019 முதல் 2023 வரை சேர்ந்தவர்களுக்கு மட்டும்" என்பது போல ஒரு குறிப்பும், புதியதற்கு ஒரு லிங்கும் இருந்தால் போதும்.

மூன்று ஆண்டுக்கு முந்தைய அறிவிப்பின் பக்கத்தில் இன்னும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும் "புதிது" படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தின் பக்கத்தில் சிமிட்டும் எதையும் பயனர் நிறுத்த வழி இருக்கவேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசொல்லும் உலகளாவிய அணுகல் வழிகாட்டியின் (WCAG) அடிப்படை விதி. நிறுத்தும் பொத்தான் வைப்பதைவிடப் படத்தைத் தூக்கிவிடுவது சுலபம்.

முகவரி மாறினால்

நிரந்தரப் பக்கத்தின் முகவரியில் ஆண்டு, மென்பொருளின் பெயர், ஆசிரியரின் முதலெழுத்து எதுவும் வேண்டாம். துறையின் பெயர் மாறும்போது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் வையுங்கள். 302 தற்காலிகத்துக்கானது, அதை வைத்தால் தேடுபொறி பழைய முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். வேண்டுமென்றே எடுத்துவிட்ட பக்கத்துக்கு 410, அதாவது "நீக்கப்பட்டது", சரியான பதில். பழைய லிங்க் எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடும் வழக்கம் வேண்டாம். விடைத்தாள் மறுகூட்டல் படிவம் தேடி வந்தவர் முகப்பில் பட்டமளிப்பு விழாப் படத்தைப் பார்த்து என்ன செய்வார்? தளத்தையே புதிதாக மாற்றும்போது பழைய முகவரிகளின் பட்டியலை முதலிலேயே எடுத்துவைத்து, முதல் சில வாரங்கள் சர்வர் பதிவில் வரும் 404களை, அதாவது "பக்கம் இல்லை" என்ற பிழைகளை, தினமும் பாருங்கள்.

கருத்தரங்குத் தளம் விட்டுச்செல்லும் ஓட்டை

அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஒரு துறை கருத்தரங்கு நடத்துகிறது. பல்கலைக்கழகப் பெயரின் கீழ் ஒரு துணைமுகவரி கேட்கிறது. தளத்தை வெளியே ஒரு கிளவுட் சேவையில் கட்டுகிறார்கள். கணினி மையம் அந்தத் துணைமுகவரியைச் சேவையின் பக்கம் காட்டும்படி டிஎன்எஸ்ஸில் (எந்த முகவரி எந்தச் சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் இணையப் பட்டியலில்) ஒரு பதிவு போடுகிறது. கருத்தரங்கு முடிகிறது. நிதி ஆண்டும் முடிகிறது. கிளவுட் சேவைக்கான சந்தாவை நிறுத்துகிறார்கள். டிஎன்எஸ் பதிவு மட்டும் அப்படியே இருக்கிறது, ஏனெனில் நிறுத்தியதை யாரும் கணினி மையத்துக்குச் சொல்லவில்லை.

இப்போது அந்தத் துணைமுகவரி ஆளில்லாத ஓர் இடத்தைக் காட்டுகிறது. சில சேவைகளில், விடுபட்ட அதே பெயரை வேறு யாரும் தங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியும். எடுத்தவர் ஏற்றும் பக்கம் பல்கலைக்கழக முகவரியில் திறக்கும். அந்த முகவரிக்கான பாதுகாப்புச் சான்றிதழையும் அவரால் முறையாகவே பெறமுடியும் என்பதால் பிரவுசர் பூட்டுக் குறியைக் காட்டும். சூதாட்ட விளம்பரம் வந்தால்கூட மானம் போவதோடு முடிந்துவிடும். "தேர்வுக் கட்டணம் செலுத்துக" என்று ஒரு போலிப் பக்கம் வந்தால்? மாணவர் லாகினின் குக்கீ (உள்ளே நுழைந்தவர் இவர்தான் என்று காட்ட பிரவுசர் வைத்திருக்கும் அடையாளத் துணுக்கு) முழு டொமைனுக்கும் செல்லும்படி அமைக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தத் துணைமுகவரியைத் திறக்கும் மாணவரின் குக்கீ அங்கேயும் போய்ச் சேரக்கூடும்.

தீர்வு வரிசையில் இருக்கிறது. முதலில் டிஎன்எஸ் பதிவை நீக்கவேண்டும், பிறகுதான் சேவையை மூடவேண்டும். விதியில் இதை இதே வரிசையில் எழுதுங்கள். துணைமுகவரிக்கான விண்ணப்பத்தில் முடிவுத் தேதி இல்லாமல் ஏற்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஎன்எஸ் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று பாருங்கள். இதைவிடச் சுலபம், கருத்தரங்குகளுக்குத் துணைமுகவரியே தராமல் முதன்மைத் தளத்துக்குள் ஒரு பகுதி ஒதுக்குவது. நிகழ்ச்சி முடிந்ததும் பதிவுப் படிவத்தையும் லாகினையும் நீக்கி, வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாகச் சேமித்துவைக்கலாம். புதுப்பிக்கப்படாத பிளக்இன் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) வழியாக ஆள் நுழையும் கவலை இல்லை.

கட்டுரைச் சுருக்கம் அனுப்பும் படிவம் இதற்குத் தம்பி. யார் வேண்டுமானாலும் கோப்பு ஏற்றலாம், ஏற்றிய கோப்பு உடனே பொது முகவரியில் திறக்கும் என்றால், விளம்பர பிடிஎஃப்களை ஏற்றுபவர்கள் தேடி வருவார்கள். பல்கலைக்கழக டொமைனுக்குத் தேடுபொறியில் இருக்கும் மதிப்பு அவர்களுக்கு வேண்டும். ஏற்றப்படும் கோப்புகள் பொதுவெளிக்கு எட்டாத கோப்பகத்தில் சேரட்டும்.

மதிப்பெண் பட்டியலில் மறைந்திருப்பவை

எக்செல்லில் ஒரு பட்டியல். பிறந்த தேதி, கைபேசி எண், சமூகப் பிரிவு ஆகிய பத்திகளை மறைத்துவிட்டு, பதிவெண்ணும் மதிப்பெண்ணும் மட்டும் தெரியும்படி தளத்தில் ஏற்றுகிறார்கள். இறக்கியவர் தலைப்பில் வலது கிளிக் செய்து மறைத்ததை மீட்டால் எல்லாம் வந்துவிடும். பிடிஎஃப்பில் பெயர்மேல் கறுப்புப் பெட்டி வரைவதும் இதே கதைதான். பெட்டிக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் படிக்கலாம். விடுதிப் படங்களில் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.

தேவையான பத்திகளை மட்டும் புதிய கோப்பில் மதிப்புகளாக ஒட்டி, அதை ஏற்றுவதே சரி. அதைவிட நல்லது, தனிநபர் மதிப்பெண்ணைப் பொதுப் பக்கத்தில் போடாமல் மாணவர் லாகினுக்குள் காட்டுவது. தேடுபொறியிடம் "உள்ளே போகாதே" என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பைப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். 1994இலிருந்து புழங்கும் அந்த ஏற்பாடு நல்லெண்ணத்தின் பேரில் நடப்பது. கோப்பை யாரும் திறந்து படிக்கலாம். மறைக்க விரும்பும் கோப்பகங்களின் பட்டியலை நாமே அச்சடித்துக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

கசிந்துவிட்டால் பக்கத்திலிருக்கும் லிங்கை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதி அடைவதுதான் வழக்கமான தவறு. கோப்பு சர்வரிலேயே இருக்கும், முகவரி தெரிந்தவர் திறப்பார். கோப்பை நீக்குங்கள், தேடுபொறியிடம் நீக்கக் கோரிக்கை கொடுங்கள், எத்தனை முறை இறக்கப்பட்டது என்பதைச் சர்வர் பதிவிலிருந்து எடுத்துவையுங்கள், பாதிக்கப்பட்டவர்களுக்குத் தெரிவியுங்கள்.

ஸ்கேன் செய்த சுற்றறிக்கை

கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றுவது அலுவலகங்களில் ஊறிப்போன பழக்கம். கணினிக்கு அது ஒரு படம். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கு அதில் வாசிக்க எதுவும் இருக்காது. கைபேசியில் படிப்பவர் இடதும் வலதுமாக இழுத்துக்கொண்டிருப்பார். அறிவிப்பின் உரை பக்கத்திலேயே எழுத்தாக இருக்கவேண்டும், கையெழுத்துப் பிரதி இணைப்பாக இருக்கலாம் என்று ஒரே வரியில் விதி போடுங்கள். தமிழ் அறிவிப்பானால் யூனிகோடில் இருக்கவேண்டும். பழைய எழுத்துரு முறைகளில் செய்த பிடிஎஃப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தேடினால் கிடைக்காது, நகலெடுத்தால் குப்பையாக வரும்.

அளவுகோலாக, மேலே சொன்ன அணுகல் வழிகாட்டியின் 2.1 (2018) அல்லது 2.2 (2023) பதிப்பில், மூன்று நிலைகளில் நடுவில் உள்ள இரட்டை-ஏ (AA) நிலையைக் குறிப்பிட்டால் போதும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்று அதிலேயே எண்கள் உள்ளன. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து வேண்டும் என்று அடம்பிடிக்கும் வடிவமைப்பாளரோடு வாதிட இந்த எண்கள் உதவும்.

ஒப்புதலும் நீக்கும் அதிகாரமும்

ஒவ்வோர் அறிவிப்புக்கும் மூன்று கையெழுத்து வேண்டுமென்றால் துறைகள் இலவசத் தளம் ஒன்றில் தனிக்கடை விரித்துவிடும். அங்கே எந்த விதியும் செல்லாது. அன்றாட அறிவிப்புகளைத் துறையே நேரடியாக வெளியிடட்டும். கட்டணம், தேர்வு, ஒழுங்குமுறை ஆகியவற்றை எழுதியவரைத் தவிர இன்னொருவர் பார்க்கட்டும். பணம் வாங்கும் பக்கமும் தனிநபர் விவரம் சேகரிக்கும் படிவமும் பாதுகாப்புச் சோதனை முடியாமல் வெளிவரக் கூடாது. இதில் அவசரத்துக்கு இடம் தரவேண்டாம்.

ஆசிரியர்களின் சொந்தப் பக்கங்களுக்கு முன் ஒப்புதல் கேட்பது தவறு என்பது என் கருத்து. வணிக விளம்பரம் கூடாது, பிறர் பதிப்புரிமை உள்ள பாடநூல் ஸ்கேன்கள் கூடாது, கருத்துகள் அவருடையவை என்ற குறிப்பு வேண்டும். இவ்வளவு போதும். நீக்கும் அதிகாரத்தை மட்டும் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். வைரஸ், போலிப் பக்கம், தனிநபர் விவரக் கசிவு என்றால் கணினி மையம் முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு சொல்லலாம். எழுதப்பட்ட கருத்து பிடிக்கவில்லை என்ற புகாரானால் கணினி மையம் தொடவே கூடாது. அது எழுத்துமூலம் குழுவுக்குப் போகவேண்டும். எழுதியவருக்குப் பதில் சொல்ல நாள் கொடுக்கவேண்டும். முடிவு காரணத்தோடு வரவேண்டும். இந்தப் பிரிவு இல்லாத விதிமுறையில், தொலைபேசியில் வரும் ஒரு மேலிட உத்தரவுக்குப் பணிந்து பக்கத்தை எடுக்கும் சங்கடம் கணினி மையத்தின் இளநிலை ஊழியர் தலையில் விழும்.

எங்கே தொடங்குவது

விதிமுறையை அச்சிடுவதற்கு முன் இருக்கும் பக்கங்களைக் கணக்கெடுங்கள். தளத்தைத் தானாக வலம்வந்து முகவரிகளைத் திரட்டும் கருவிகள் கிடைக்கின்றன. முகவரி, கடைசியாகத் திருத்திய தேதி, பொறுப்பாளர், அடுத்த மறுஆய்வு என்று நான்கு பத்திகள். பொறுப்பாளர் பத்தி காலியாக உள்ளவற்றைத் துறைகளுக்கு அனுப்பி ஒரு மாதம் கொடுங்கள். யாரும் உரிமை கோராததை மெனுவிலிருந்து எடுங்கள். அடுத்த பருவத் தொடக்கத்தில் பேக்கப் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். நிறுத்திய அன்றே யாராவது கோபமாகக் கூப்பிட்டால் பொறுப்பாளர் கிடைத்துவிட்டார்; பத்தியில் அவருடைய பதவியை எழுதிக்கொண்டு, மறுஆய்வுத் தேதியையும் கேட்டு வாங்கிய பிறகு பக்கத்தைத் திருப்பித் தாருங்கள்.