அப்சிந்த்: எட்டி அல்ல, மாசிபத்திரி

தமிழ் வேதாகமத்தின் வெளிப்படுத்தின விசேஷம் 8ஆம் அதிகாரத்தில் வானத்திலிருந்து ஒரு நட்சத்திரம் ஆறுகளின் மேல் விழுகிறது. அதற்கு எட்டி என்று பெயர். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கசந்துபோய், அதைக் குடித்தவர்கள் சாகிறார்கள். கிரேக்க மூலத்தில் அந்த நட்சத்திரத்தின் பெயர் அப்சிந்தோஸ். ஐரோப்பாவின் பச்சை மதுவான அப்சிந்தின் பெயரும் அதே வேரிலிருந்து வந்ததுதான். அதனால் அப்சிந்துக்குத் தமிழ் தேடுகிறவர் முதலில் போய் நிற்பது எட்டி மரத்தடியில். அவரை அங்கிருந்து நகர்த்தத்தான் இந்தக் குறிப்பு.

வேத மொழிபெயர்ப்பாளர்கள் செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். கேட்டதும் நாக்கில் கசப்பு ஏற வேண்டும். 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று பழகிய காதுகளுக்கு எட்டியை விடப் பொருத்தமான சொல் ஏது? ஆனால் ஒரு பானத்துக்குப் பெயர் வைக்கும்போது செடி சரியாக இருக்க வேண்டும். எட்டி மரம், அதன் விதையில் இருப்பது ஸ்ட்ரிக்னைன் என்ற கொடிய நஞ்சு. அப்சிந்தோ இடுப்பளவு வளரும் ஒரு மூலிகை. இரண்டுக்கும் குடும்பமே வேறு.

அந்த மூலிகைக்குத் தாவரவியலார் வைத்த பெயர் ஆர்ட்டிமீசியா அப்சிந்தியம். கிரேக்கத்தில் அப்சிந்தியோன், லத்தீனில் அப்சிந்தியம், பிரெஞ்சில் அப்சிந்த். பிரெஞ்சுக்காரர்கள் செடியையும் மதுவையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார்கள். 'குடிக்க முடியாதது' என்ற பொருளில் பிறந்த சொல் என ஒரு விளக்கம் உலவுகிறது. அது கேட்க அழகாக இருக்கிறதே தவிர, ஆதாரம் இல்லை. சொல்லுக்குள் இருக்கும் 'ந்த்' ஒலி, கொரிந்து போன்ற பெயர்களில் இருப்பதுபோல, கிரேக்கத்துக்கும் முந்தைய ஏதோ ஒரு மொழியைக் காட்டுகிறது என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து.

இந்தச் சொல் இந்தியாவுக்குப் புதிதும் அல்ல. கிரேக்க மருத்துவம் அரபிக்குப் போனபோது அப்சிந்தியோன் அஃப்சந்தீன் ஆனது. யூனானி மருத்துவர்கள் இன்றும் வயிற்றுக்கும் ஈரலுக்கும் கொடுக்கும் மருந்துகளில் அந்தப் பெயரைக் காணலாம். செடியும் காஷ்மீரில் தானாகவே வளர்கிறது.

தமிழ்நாட்டில் அதே செடி இல்லை, ஆனால் உடன்பிறப்புகள் உண்டு. பூக்கடையில் கதம்பத்தோடு கட்டித் தரும் மரிக்கொழுந்து ஆர்ட்டிமீசியா இனம்தான். மாசிப்பச்சை என்றும் வழங்கும் மாசிபத்திரியும் அதே இனம். விநாயகர் சதுர்த்திக்கு அர்ச்சிக்கும் 21 இலைகளில் அதுவும் ஒன்று, சித்த மருத்துவத்திலும் புழங்குகிறது. வெட்டி வெட்டி அமைந்த இலை, வெள்ளி பூத்த அடிப்பக்கம், கசக்கினால் எழும் காட்டமான மணம் எல்லாம் அப்சிந்தை நினைவூட்டும். ஆகவே செடிக்குத் தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் 'ஐரோப்பிய மாசிபத்திரி' என்பதே என் கட்சி.

சரி, செடி எப்படி மதுவானது? சுவிட்சர்லாந்தின் நூஷாத்தெல் பகுதியில் வால்-த-த்ராவேர் என்ற பள்ளத்தாக்கு. அங்கே கூவே என்ற ஊரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது மருந்தாக விற்றது. பியேர் ஒர்டினேர் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார் என்பது ஊர்க் கதை. மேஜர் துபியே அந்தச் செய்முறையை வாங்கி, தன் மருமகன் ஹென்றி-லூயி பெர்னோவோடு சேர்ந்து 1797இல் கூவேயில் வடிசாலை தொடங்கினார். 1805இல் எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சின் பொந்தார்லியேவில், பெர்னோ தனியாகத் தொழில் தொடங்கினார். அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அப்சிந்த் என்றால் பெர்னோ, பெர்னோ என்றால் அப்சிந்த்.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் பெயர்க் குழப்பம் பாதி தீரும். மூன்று சரக்குகள் கட்டாயம்: ஐரோப்பிய மாசிபத்திரி, அனிஸ் என்கிற மேற்கத்தியச் சோம்பு, நம் கடையில் சோம்பு என்றே விற்கும் பெருஞ்சீரகம். இவற்றைச் சாராயத்தில் ஊறவைத்துக் காய்ச்சி வடிப்பார்கள். வடிந்து வருவது நிறமற்றது. பச்சை வேண்டுமென்றால் அதில் இன்னொரு வகை மாசிபத்திரியையும், ஈசோப்பு, மெலிஸ்ஸா இலைகளையும் போட்டு வைப்பார்கள். அவற்றின் பச்சையம் இறங்கும். நல்ல அப்சிந்தின் பச்சை சாயம் அல்ல, இலையின் நிறம். வெயில் பட்டால் அது பழுத்த இலைபோல மங்கிவிடும்.

எட்டி என்ற பெயர் இங்கே இன்னொரு வகையிலும் பொருந்தாமல் போகிறது. மாசிபத்திரியின் கடுங்கசப்புக்குக் காரணம் அப்சிந்தின் என்ற பொருள். அது ஆவியாகி மேலே வராது, காய்ச்சும் கொப்பரையிலேயே தங்கிவிடும். அதனால் முறையாக வடித்த அப்சிந்தில் தூக்கலாக இருப்பது சோம்பு மணமும் மலைப்புல் வாசமும்தான், லேசான கசப்பு பின்னால் வரும். வாயில் வைக்க முடியாத கசப்பு என்றால், வெறும் சாராயத்தில் இலையை ஊறப்போட்டோ எண்ணெய் கலந்தோ செய்த சரக்கு என்று பழகியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

குடிப்பவர்களின் பழக்கத்திலும் சொற்கள் நிறைய. சாராய வலு பெரும்பாலும் 45 முதல் 74 சதவீதம் வரை, எனவே யாரும் அப்படியே குடிப்பதில்லை. சிறு கோப்பையில் ஒரு பங்கு ஊற்றி, மேலே துளையிட்ட தட்டைக் கரண்டி வைத்து, அதில் சர்க்கரைக் கட்டி வைத்து, பனிக்குளிர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மூன்றிலிருந்து ஐந்து பங்கு வரை தண்ணீர். சோம்பு எண்ணெயில் உள்ள அனெத்தோல் சாராயத்தில் கரையும், தண்ணீரில் கரையாது. அதனால் தண்ணீர் கூடக்கூட, கோப்பை அரிசி கழுவிய நீர்போல் கலங்கி வெளுக்கும். இந்தக் கலங்கலுக்கு லூஷ் என்று பெயர். அது மெதுவாக, அடியிலிருந்து எழுந்து வருகிறதா, ஒரேயடியாகப் பொங்குகிறதா, கடைசிவரை நீர்த்தே கிடக்கிறதா என்று பார்த்துச் சரக்கை மதிப்பிடுவார்கள். சர்க்கரை ஆளுக்கு ஆள் மாறும். வால்-த-த்ராவேர்க்காரர்கள் பலர் சர்க்கரையைத் தொடுவதே இல்லை.

பாரிசில் மாலை ஐந்து மணிக்குப் 'பச்சை நேரம்' என்று பெயர் இருந்தது. காப்பிக்கடையில் 'ஒரு பச்சை' என்றாலே போதும். அப்சிந்த் குடிப்பதைக் 'கிளியின் கழுத்தை நெரிப்பது' என்றார்கள். மாதுளைப் பாகு சேர்த்தால் அது 'தக்காளி'. பாரிசுக்கு அருகே சாரந்தோன் மனநலக் காப்பகம் இருந்ததால், 'சாரந்தோன் போகும் வண்டி' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. 'பச்சைத் தேவதை' என்ற பெயர் இன்று விளம்பரங்களில் அதிகம் புழங்குகிறது. எனக்கு அந்தத் தெருப் பெயர்களே உயிருள்ளவையாகத் தெரிகின்றன.

அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படைவீரர்கள் காய்ச்சலுக்கு மருந்தாகக் குடித்துப் பழகி, ஊர் திரும்பியும் கேட்டார்கள். அப்புறம் 1860களில் தொடங்கிய ஃபிலாக்சரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தது. வைன் விலை ஏறியது, அப்சிந்த் ஏழையின் கைக்கும் வந்தது. 1910 வாக்கில் பிரான்சில் ஆண்டுக்குச் சுமார் 3.6 கோடி லிட்டர் குடித்தார்கள்.

அந்த நாளிலேயே எந்தக் கம்பெனிச் சரக்கு என்பது பெரிய விஷயம். வசதியுள்ளவர் பெர்னோ ஃபீஸ் என்று பெயர் சொல்லிக் கேட்பார், அல்லது எதுவார் பெர்னோ, பெர்ஜே, குசெனியே. பெர்னோ பெயரைப் போலவே ஒலிக்கும் போலிகள் ஏராளம். மலிவுச் சரக்கில் பச்சை நிறத்துக்காகச் செம்பு உப்புகள்கூடக் கலந்தார்கள், உடம்பைக் கெடுத்ததில் அதற்கும் பங்கு உண்டு. யூதரான பிரெஞ்சு ராணுவ அதிகாரி டிரைஃபஸ் மேல் பொய்யாகத் தேசத்துரோகக் குற்றம் சுமத்திய வழக்கின் காலத்தில் அரசியலும் புட்டிக்குள் நுழைந்தது. பெர்னோ ஃபீஸ் அப்போது வேய்-பிக்கார் என்ற யூதக் குடும்பத்தின் கையில் இருந்தது. யூத எதிர்ப்பை வெளிப்படையாகப் பெயரிலேயே தாங்கிய அப்சிந்த் ஒன்று சந்தைக்கு வந்தது.

பிறகு தடை. மனநல மருத்துவர் வாலந்தேன் மன்யான் மாசிபத்திரி எண்ணெயை விலங்குகளுக்குக் கொடுத்து, வலிப்பு வருவதைக் காட்டினார். எண்ணெயில் உள்ள தூயோன் அதிக அளவில் போனால் வலிப்பு வரும், அது உண்மை. ஆனால் ஒரு கோப்பை அப்சிந்தில் அவ்வளவு தூயோன் கிடையாது. 2008இல் வெளியான ஆய்வு, தடைக்கு முந்தைய 13 புட்டிகளைச் சோதித்து, லிட்டருக்குச் சராசரியாக 25 மில்லிகிராம் அளவே கண்டது. இன்றைய ஐரோப்பிய வரம்பான கிலோவுக்கு 35 மில்லிகிராமோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆட்களைச் சாய்த்தது பெரும்பாலும் சாராயமே.

1905இல் சுவிட்சர்லாந்தின் கொம்யூன்யி ஊரில் ஜான் லான்ஃப்ரே என்பவன் தன் மனைவியையும் இரண்டு மகள்களையும் சுட்டுக் கொன்றான். அன்று அவன் குடித்ததில் வைனும் பிராந்தியும் நிறைய, அப்சிந்த் இரண்டு கோப்பை. பழி அப்சிந்தின் மேல் விழுந்தது. 1908 வாக்கெடுப்பில் சுவிஸ் மக்கள் தடைக்கு ஓட்டுப் போட்டார்கள், 1910இல் அது அமலுக்கு வந்தது. அமெரிக்கா 1912இல், பிரான்ஸ் 1915இல் தடை செய்தன. பிரான்சில் அந்த இடத்தை மாசிபத்திரி இல்லாத சோம்பு மதுவான பஸ்தீஸ் பிடித்துக்கொண்டது.

வால்-த-த்ராவேரில் மட்டும் காய்ச்சுவது நிற்கவில்லை. பச்சை நிறம் காட்டிக்கொடுக்கும் என்பதால் நிறமற்றதாகவே விட்டார்கள். அதன் பெயர் 'லா ப்ளே', அதாவது நீலம். காட்டுச் சுனைகளின் அருகே புட்டியை ஒளித்துவைத்து, வழிப்போக்கர் எடுத்துக் குடிக்கும் வழக்கம் உண்டானது. 1983இல் நூஷாத்தெல் வந்த பிரெஞ்சு அதிபர் மித்தெரானுக்கு அப்சிந்த் சேர்த்த குளிர் இனிப்பைப் பரிமாறியது பெரிய ரகளையாயிற்று. தடை 2005 மார்ச் 1 அன்று நீங்கியது. காய்ச்சியவர்களை விசாரித்த மோத்தியே ஊர்க் கட்டடத்தில் இன்று அப்சிந்த் அருங்காட்சியகம் நடக்கிறது. இந்தப் பெயர் எங்கள் பள்ளத்தாக்குக்கே சொந்தம் என்று கேட்டவர்களுக்கு, அது பொதுப் பெயர் என்று 2014இல் சுவிஸ் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இன்று பிரியர்கள் எதைத் தேடுகிறார்கள்? பழைய முறையை விரும்புகிறவர்கள் டெட் புரோ என்ற அமெரிக்கர் பிரான்சின் சோமூரில் வடிக்கும் ஜேட் வரிசையை, பொந்தார்லியே பக்கத்து எமில் பெர்னோ வடிசாலையை, கீ வடிசாலையைச் சொல்வார்கள். நீலத்தை விரும்புகிறவர்கள் லா கிளாண்டெஸ்டீன், கியூப்லர். 2007இல் அமெரிக்கச் சந்தை திறந்தபோது முதலில் நுழைந்தவை லூசிட்டும் கியூப்லரும். 1990களில் செக் நாட்டிலிருந்து பரவிய நீலப்பச்சைச் சரக்கைப் பிரியர்கள் அப்சிந்தாகவே ஏற்பதில்லை. அதில் சோம்பு அநேகமாக இல்லை, எனவே கலங்கவும் கலங்காது. சர்க்கரைக்குத் தீ வைக்கும் வேடிக்கையும் அந்தச் சரக்கோடு வந்ததே. பழைய பாரிசில் அந்த வழக்கம் இல்லை, நல்ல சரக்கின் மணத்தை அது கெடுத்துவிடும்.

இனி மதுவுக்குத் தமிழ். 'மாசித்தேறல்' என்று சொல்ல ஆசை வரும். யவனர் கொண்டுவந்த மதுவைத் 'தண்கமழ் தேறல்' என்று புறநானூறே பாடுகிறது. ஆனால் தேறல் என்பது தெளிந்தது, வண்டல் இறங்கி வடிந்த கள்ளும் மதுவும். அப்சிந்தோ காய்ச்சி வடித்தது, தெளிந்த நிலையிலிருந்து கலங்கும்போதுதான் குடிக்கத் தயாராகிறது. அதனால் பொருள் சொல்ல 'மாசிபத்திரிச் சாராயம்' போதும், பெயராக அப்சிந்த் என்றே எழுதலாம். லூஷுக்குப் 'பால்கலங்கல்' சரியாக அமைகிறது. புட்டிகளின் வகைகளைப் பச்சை, வெள்ளை (நிறமற்றது), நீலம் (வால்-த-த்ராவேரின் நிறமற்ற வகை) என்றே சொல்லிவிடலாம்.

வெர்மூத்தை மட்டும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. அந்தப் பெயரும் மாசிபத்திரியைக் குறிக்கும் வேர்முட் என்ற ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான், ஆனால் அது மூலிகை ஊறிய வைன், காய்ச்சியது அல்ல. அதற்கு 'மாசிபத்திரி வைன்' என்று எழுத வேண்டும்.