அசைத்துப் பார்த்தால்தான் பிடிபடும் சில காயங்கள்

ஓடித் திரும்பும்போது கணுக்காலின் வெளிப்பக்கம் ஏதோ 'டக்'கென்று நழுவுகிறது என்று விளையாட்டு வீரர்கள் வருவதுண்டு. எக்ஸ்ரே நன்றாக இருக்கும். காலை அசைக்காமல் படுத்து எடுத்த எம்ஆர்ஐயிலும் பெரும்பாலும் குறை தெரியாது. ஜெல் தடவி, வெளிக்கணு எலும்புக்குப் பின்னால் அல்ட்ராசவுண்ட் ப்ரோபை (தோலில் வைத்து நகர்த்தும் கருவி முனை) வைத்தால், அங்கே ஓடும் இரண்டு தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) அவற்றின் பள்ளத்தில் ஒழுங்காகத்தான் கிடக்கும். "பாதத்தை மேலே தூக்கி, வெளிப்பக்கமாத் திருப்பி, என் கையைத் தள்ளுங்க" என்று சொன்னதும் ஒரு நாண் எலும்பின் விளிம்பைத் தாண்டி முன்னால் வந்து விழும். பல மாதமாகச் சொல்லியும் யாரும் நம்பாத வலியை அவரே திரையில் பார்த்துவிடுவார்.

வயிற்று ஸ்கேனுக்கு மட்டும்தான் அல்ட்ராசவுண்ட் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். தசைக்கும் நாணுக்கும் வேறு ப்ரோப் உண்டு. சுமார் 10 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அலைகளில் வேலை செய்யும். அதிர்வெண் கூடக்கூட நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். தோலுக்கு அருகில் இருக்கும் நாணின் இழைகளைக்கூட மெல்லிய கோடுகளாகப் பார்க்கலாம். கதிர்வீச்சு கிடையாது. வலிக்கிற காலைப் பார்த்த கையோடு வலிக்காத காலையும் பார்த்துவிடலாம். நான் அதைத் தவறாமல் செய்கிறேன்.

ஆனால் பார்ப்பவர் கையைப் பொறுத்தது இந்தப் பரிசோதனை. ப்ரோப் கொஞ்சம் சாய்ந்தாலே நல்ல நாணும் கறுத்துத் தெரியும், கிழிசல் மாதிரியே. பழகியவர் ப்ரோபை மெல்லச் சாய்த்து நிமிர்த்திப் பார்ப்பார். கறுப்பு மறைந்துவிட்டால் அது கிழிசல் இல்லை. அதனால் எங்கே வலி என்று கேட்டு, தொட்டுப் பார்த்து, அசைக்கச் சொல்லி ஸ்கேன் செய்பவரிடம் போங்கள்.

எப்போது எடுக்கிறோம் என்பதும் முக்கியம். தொடையின் பின்தசை பிடித்துக்கொண்ட அன்றே எடுத்தால் புதிய ரத்தம் தசையோடு தசையாகத் தெரிந்து கிழிசலை மறைத்துவிடலாம். இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால் அளவு தெளிவாகும். அதுவரை அந்த இடத்தை அழுத்தி நீவ வேண்டாம். தொடையில் பலமாக அடிபட்ட இடத்தைத் தொடர்ந்து நீவினால் தசைக்குள் எலும்பு வளரும் அபாயம் கூடுகிறது. அப்படி வளரத் தொடங்கினால் எக்ஸ்ரேக்கு முன்பே அல்ட்ராசவுண்டில் சுண்ணாம்பு விளிம்பு தெரியும்.

ஆடுசதை வலியை மட்டும் 'சதை பிடிப்பு' என்று ஒதுக்கவே ஒதுக்காதீர்கள். காலின் சிரையில் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) ரத்தம் உறைந்து கட்டியாகி அடைத்தாலும் இதே வலியும் வீக்கமும்தான் வரும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தசைக் கிழிசலைப் பார்க்கும்போதே சிரையின் மேல் ப்ரோபை அழுத்திப் பார்க்கலாம். நல்ல சிரை தட்டையாக அமுங்கும், அடைப்பு இருந்தால் அமுங்காது.

சரி, சிகிச்சைக்கு? ஊசியின் நுனியைத் திரையில் பார்த்துக்கொண்டே செலுத்தலாம். அடிபட்ட தசைக்குள் திரண்டு நிற்கும் ரத்தக்கட்டை உறிஞ்சி எடுக்கலாம், தோள்நாணில் படிந்த சுண்ணாம்பைக் கழுவி எடுக்கலாம். குதிகால் நாணுக்குள்ளேயே ஸ்டீராய்டு இறங்கினால் நாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு என்பதால் ஊசி எங்கே நிற்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும். அதே சமயம், ஊசி சரியான இடத்தில் போய்விட்டது என்பதற்காக மருந்து வேலை செய்துவிடும் என்று அர்த்தமில்லை. பிஆர்பி ஊசியைப் (நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிளேட்லெட்டுகளைச் செறிவாகப் பிரித்துப் போடுவது) பற்றிய ஆய்வுகள் இன்னும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. படிப்படியாகப் பாரம் ஏற்றிச் செய்யும் பயிற்சிக்கு மாற்றாக எந்த ஊசியையும் நான் சொல்வதில்லை.

வலியே இல்லாத வீரரின் முட்டி நாணிலும் தோளிலும் மாற்றங்கள் தெரிவது சகஜம். ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று பார்த்ததும் அறுவை சிகிச்சைக்கு ஓட வேண்டாம். வலியும் அதே இடத்தில்தானா என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், இந்த ஸ்கேனால் எலும்புக்குள்ளே பார்க்க முடியாது. முழங்காலின் நடுவில் எலும்போடு எலும்பை இணைக்கும் லிகமென்ட்டையும், எலும்புகளுக்கு இடையே மெத்தை போல இருக்கும் ஜவ்வையும் நம்பிச் சொல்ல முடியாது. ஓடும்போது முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஒரே புள்ளியில் வலி, விரலால் அழுத்தினாலும் அங்கேயே வலி என்றால், அல்ட்ராசவுண்ட் நார்மல் என்று வந்திருந்தாலும் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு எம்ஆர்ஐ எடுங்கள். எலும்பில் விழும் அழுத்த விரிசல் அதில்தான் சீக்கிரம் தெரியும்.