ஆன்சாம்பிள்: குழுவா, கோஷ்டியா, பல்லியமா?

மொழிபெயர்ப்பு வேலை பாக்குற நண்பர் ஒருத்தர் ராத்திரி பத்து மணிக்கு மெசேஜ் போட்டாரு, "ஏர்லி மியூசிக் ஆன்சாம்பிள்னு வருதுங்க, தமிழ்ல என்ன போடட்டும்?"னு. (பழைய ஐரோப்பிய இசையை அந்தக் காலத்து முறையிலயே சேர்ந்து வாசிக்கிற, பாடுற கூட்டம்.) மிஷின் அவருக்கு "ஆரம்பகால இசைக் குழுமம்"னு எடுத்துக் குடுத்திருக்கு. குழுமம்னா நமக்கு டாடா குழுமம்தான் ஞாபகம் வரும், ஆரம்பகால இசைன்னா ஏதோ ஒரு மியூசிக் டைரக்டர் முதல் ரெண்டு படத்துக்குப் போட்ட பாட்டு மாதிரி இருக்கு. சிரிச்சு முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, எனக்கும் சட்டுனு நல்ல சொல் வரல.

ஆன்சாம்பிள் பிரெஞ்சு சொல். அங்க அதுக்கு "சேர்ந்து, ஒண்ணா"ன்னுதான் அர்த்தம், "வா, ஒண்ணா போலாம்"னு சாதாரணமா பேசுறப்பவும் இதே சொல்தான் வரும். அதுக்குப் பின்னாடி போனா லத்தீன்ல இன்சிமுல், அதாவது "ஒரே நேரத்துல". அந்த சிமுல்ங்கிற வேர்லேருந்துதான் அசெம்பிளியும் வருது, ஆக நம்ம சட்டசபையும் இந்த வாத்தியக் கூட்டமும் சொல் வழியில ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி (ஒண்ணு மட்டும் சுருதி சேர்ந்து இருக்கும், எதுன்னு நான் சொல்லல). முக்கியமா கவனிக்க வேண்டியது, இந்தச் சொல்லுல எத்தனை பேருங்கிற கணக்கு இல்ல, சேர்ந்து ஒலிக்கிறதுதான் விஷயம்.

இதுக்கு நல்ல உதாரணம் வியன்னாவுல இருக்கிற கொன்சென்டுஸ் மூசிகுஸ். பேர்லயே அர்த்தம் இருக்கு, கொன்சென்டுஸ்னா லத்தீன்ல சேர்ந்து பாடுறது, சேர்ந்து ஒலிக்கிறது. நிகோலாஸ் ஹார்னன்கோர்ட் வியன்னா சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவுல செல்லோ வாசிச்சிட்டிருந்தவர், அவர் மனைவி ஆலிஸ் வயலின், ரெண்டு பேரும் ஆர்கெஸ்ட்ராவுல கூட வாசிச்ச சிலரைச் சேத்துக்கிட்டு 1953-ல ஆரம்பிச்சாங்க. 2023-ல 70 வருஷம் நிறைஞ்சுது. அதே 2023-லதான் இங்கிலாந்துல இதே மாதிரி குழுக்களான அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக்குக்கும் டாலிஸ் ஸ்காலர்ஸுக்கும் 50 வருஷம், ரெண்டுமே 1973-ல ஆரம்பிச்சது.

கொன்சென்டுஸ் கதையில எனக்குப் பிடிச்சது என்னன்னா ஆரம்பிச்ச உடனே அவங்க மேடை ஏறல, நாலு வருஷம் வெறும் ரிகர்சல்தான், முதல் கச்சேரி 1957-லதான் நடந்துச்சு. நாலு வருஷம் என்ன பண்ணாங்கன்னா, பழைய வாத்தியங்களைத் தேடிப் பிடிச்சாங்க, ஸ்டீல் கம்பி இல்லாம ஆட்டுக்குடல்ல திரிச்ச தந்தி போட்ட வயலின், வால்வு இல்லாத ட்ரம்பெட், இதையெல்லாம் எப்படி வாசிக்கிறதுன்னு சொல்லிக் குடுக்க உசுரோட யாரும் இல்ல, பழைய கையெழுத்துப் பிரதி, அந்தக் காலத்து பாடப் புத்தகம் எல்லாத்தையும் வச்சுப் படிச்சுப் படிச்சுக் கண்டுபிடிச்சாங்க. குடல் தந்தி இருக்கே, ஏசி காத்து பட்டாலே சுருதி மாறிடும், ஒரு பீஸ் முடிஞ்சு அடுத்ததுக்கு முன்னாடி எல்லாரும் முறுக்கிட்டே இருப்பாங்க, நம்ம கச்சேரியில மிருதங்கக்காரர் கல்லால தட்டித் தட்டி சேக்கிற மாதிரிதான். சுருதியும் வேற, இன்னிக்கு ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ்னா இந்த மாதிரி குழுக்கள் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் இசைக்குப் பெரும்பாலும் 415 வைப்பாங்க, நம்ம பாஷையில சொன்னா அரைக்கட்டை கம்மி.

ஹார்னன்கோர்ட் 2015 டிசம்பர்ல இனி மேடை ஏற மாட்டேன்னு ரசிகர்களுக்குக் கைப்பட ஒரு கடிதம் எழுதி ஓய்வெடுத்தாரு, மூணு மாசத்துல, 2016 மார்ச்ல போயிட்டாரு. ஆலிஸ் 2022-ல. ஆனா குழு இன்னும் வாசிச்சிட்டுத்தான் இருக்கு.

இப்ப "ஏர்லி"க்கு வருவோம், உண்மையான சிக்கல் இங்கதான். ரொம்பப் பேரு இத "பண்டைய இசை"ன்னு எழுதுறாங்க. பாக் செத்தது 1750, அது என்ன பண்டைக்காலமா? அவருக்கு முன்னாடி பொறந்த முத்துத்தாண்டவர் கீர்த்தனையை நாம பண்டைய இசைன்னா சொல்றோம்? சபாவுல உக்காந்து சாதாரணமாத்தான் கேக்குறோம். ஆக வயசு இல்ல விஷயம். நமக்கு குரு சிஷ்யன்னு ஒரு இழை, மாறி மாறியாவது, ஓடிட்டே இருந்திருக்கு. அங்க பழைய வாத்தியமும் வாசிக்கிற முறையும் வழக்கொழிஞ்சு போச்சு, இழை அறுந்து போச்சு, அறுந்ததைத் தோண்டி எடுத்து மறுபடி கட்டுறதுக்குப் பேருதான் ஏர்லி மியூசிக். அதனாலதான் முதல்ல 1750-க்கு முன்னாடின்னு வச்சிருந்த எல்லை அப்புறம் மொசார்ட், பீத்தோவன்னு நகந்துட்டே போச்சு.

தமிழ்ல இதுக்கு நேர் சமமா ஒண்ணு இருக்குன்னா அது யாழ்தான். வாத்தியம் மறைஞ்சு போச்சு, சொல்லிக்குடுக்க ஆளில்ல, இலக்கியத்தை மட்டும் வச்சு விபுலாநந்த அடிகள் கணக்குப் போட்டு மீட்டாரு, 1947-ல திருக்கொள்ளம்பூதூர்ல யாழ் நூல் அரங்கேறினது அந்த வேலைக்குத்தான்.

அதனால என் ஓட்டு தொல்லிசைக்கு. தொல்லியல்னு சொல்றப்ப பழசுங்கிறதோட தோண்டி எடுக்கிறதும் சேந்தே காதுல விழுது இல்லையா, அதே வாசனை இங்கயும் வேணும்.

ஆன்சாம்பிளுக்கு? இசைக்குழுன்னா நம்மூர்ல கல்யாண ரிசப்ஷன் லைட் மியூசிக், வெறும் குழுன்னா மகளிர் சுய உதவிக் குழு. கோஷ்டி ஒரு காலத்துல நல்ல சொல், பஜனை கோஷ்டின்னு மரியாதையா இருந்தது, காங்கிரஸ்காரங்க புண்ணியத்துல இப்ப கோஷ்டின்னாலே பூசல்தான். ரேடியோவுல வாத்ய விருந்தான்னு சொல்லுவாங்க, அழகா இருக்கும், ஆனா அது அகில இந்திய வானொலியோட பேரு மாதிரியே ஆயிடுச்சு. கிராமத்துல நையாண்டி மேளத்துக்கு "செட்டு"ம்பாங்க, சுருக்கமா நல்லாத்தான் இருக்கு, நண்பர் எடிட்டர் ஒத்துக்கணுமே.

இதெல்லாத்துக்கும் முன்னாடியே நம்மகிட்ட ஒரு சொல் இருந்திருக்கு, பல்லியம். இயம்னா வாத்தியம், முரசு இயம்புதுன்னு வர்ற அதே இயம்தான். பல இயம் சேந்தா பல்லியம். திருமுருகாற்றுப்படையில "அந்தரப் பல்லியம் கறங்க"ன்னு வருது. சங்கப் புலவர் ஒருத்தர் பேரே நெடும்பல்லியத்தனார், புறநானூறு 64-வது பாட்டு அவரோடது, நல்ல யாழு, ஆகுளி, பதலைங்கிற பறைகள் எல்லாத்தையும் கட்டு, பாண்டிய மன்னன் குடுமியைப் பாக்கப் போவோம்னு ஆடிப் பாடுற விறலியைக் கூப்பிடுறாரு. மூட்டை கட்டுறதைப் பாக்கணும்னா மலைபடுகடாம், அங்க வாத்தியம் போட்ட பைகள் பலாமரத்துல காய் கொத்துக் கொத்தா தொங்குற மாதிரி தொங்குதாம், அந்தப் பைக்குப் பேரு கலப்பை. (ஏர்க்கலப்பை இல்ல, கலம் வைக்கிற பை.) டூர் போற ஆன்சாம்பிள் எதுவா இருந்தாலும் ஏர்போர்ட்ல இதே காட்சிதான்.

ஒரே குறை, பல்லியம் வாத்தியத்துக்கு மட்டும்தான் பொருந்தும். டாலிஸ் ஸ்காலர்ஸ் வாத்தியமே இல்லாம பாடுற ஆளுங்க, அவங்களைப் பல்லியம்னா தப்பு, சேர்ந்திசைக் குழுன்னுதான் போடணும். அதனால நண்பருக்கு நான் அனுப்புனது இதுதான்: வாசிக்கிறவங்கன்னா தொல்லிசைப் பல்லியம், பாடுறவங்கன்னா தொல்லிசைச் சேர்ந்திசைக் குழு, கொன்சென்டுஸ் மூசிகுஸ்ங்கிறதை மட்டும் தயவுசெஞ்சு மொழிபெயர்க்காதீங்க, அது அவங்க பேரு. அவரு ஒரு கட்டைவிரல் அனுப்பிட்டு அடுத்து கேட்டாரு, "சரிங்க, ஹார்ப்சிகார்டுக்கு?"