வரப்புக்குள் எத்தனை எலி?

வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு, கணியம்பாடி ஊர்ப் பக்கத்து வயல்களில் நெல் பொதி கட்டும் பருவத்தில் எலி வெட்டிய தூர்கள் கண்ணில் பட்டால், மறுநாளே மருந்துக் கடைக்கு ஆள் போய்விடும். வன உயிரியலும் தீங்குயிர் மேலாண்மையும் படிக்கும் மாணவரோ மருந்தைத் தொடுவதற்கு முன் எலிகளை எண்ணப் பழக வேண்டும்.

பகலில் வளைக்குள்ளும் இரவில் இருட்டிலும் திரியும் உயிரை எப்படி எண்ணுவது? மாலையில் வரப்பு நெடுகிலும் உள்ள வளைகளைச் சேற்றால் அடைத்துவிடுகிறார்கள். விடிந்ததும் போய்ப் பார்த்தால், ஆள் இருக்கும் வளை மட்டும் மீண்டும் திறந்திருக்கும். வாயில் ஈரம் காயாத புதுமண் குவிந்திருக்கும். வளர்ந்த வயலெலி பெரும்பாலும் தனிக் குடித்தனக்காரர். குட்டி போட்ட தாய்தான் விதிவிலக்கு. ஆனால் ஒரே வளைக்கு இரண்டு மூன்று வாய்கள் இருக்கலாம். வரப்பில் நண்டு வளைகளும் உண்டு. அதனால் திறந்த வாய்களைக் கூட்டினால் மட்டும் கணக்கு சரியாக வராது. எந்த வாய் எந்த வளையோடு சேர்ந்தது என்று பிரித்தறியக் கண் பழக வேண்டும். இந்தக் கண் இருளர்களுக்குத் தலைமுறைகளாக வாய்த்திருக்கிறது. பானைப் புகையை ஊதி எலியை வெளியே வரவழைக்கும் அவர்கள், வாயைப் பார்த்தே உள்ளே வெள்ளெலியா வயலெலியா என்று சொல்லிவிடுவார்கள். விலங்கியல் மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொரு வழி, பிடித்து அடையாளமிட்டு விடுவது. முதல் இரவு 40 எலிகள் பொறியில் சிக்கின என்று வைத்துக்கொள்வோம். காதில் சிறு வளையம் மாட்டி விட்டுவிடுகிறோம். சில நாள் கழித்து மீண்டும் பொறி வைத்தால் 30 சிக்குகின்றன. அவற்றில் 10 வளையம் மாட்டியவை. பிடிபட்டதில் மூன்றில் ஒரு பங்கு அடையாளமுள்ளவை என்றால், மொத்தக் கூட்டத்திலும் அதே பங்குதான் இருக்க வேண்டும். ஆக, வயலில் ஏறக்குறைய 120 எலிகள். ஒருமுறை சிக்கிய எலி பொறியை விட்டு விலகி நடக்கத் தொடங்கினால் வளையமுள்ளவை குறைவாகச் சிக்கும். கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். அந்தப் பிழையையும் மாணவர் கணித்தாக வேண்டும்.

எண்ணுவதற்கு ஏன் இவ்வளவு பாடு? எலிக்குச் சினைக்காலம் மூன்று வாரம்தான். குட்டி போட்ட ஓரிரு நாளிலேயே மீண்டும் சினை பிடித்துவிடும். ஒரு வயலில் 100 எலிகளுக்கு இடமும் தீனியும் உண்டென்றால், 100 நிறைந்திருக்கும்போது பெருக்கம் நின்றுபோயிருக்கும். பாதியைக் கொன்று 50 ஆக்கினால், மிஞ்சியவற்றுக்கு வளையும் தீனியும் தாராளம். கூட்டம் மிக வேகமாகப் பெருகுவது அப்போதுதான். அரைகுறையாகக் கொல்வது எலிக்கு ஊக்கம் கொடுப்பதாகிவிடுகிறது. பக்கத்து வயல் எலிகளும் காலியான வளைகளில் வந்து குடியேறும். ஒருவர் மட்டும் மருந்து வைத்துப் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். ஏரி நீர் பாயும் வயல்கள் (ஆயக்கட்டு) முழுவதும் ஒரே வாரத்தில், அறுவடை முடிந்து எலிகள் வரப்புகளில் ஒடுங்கியிருக்கும் நேரத்தில் இறங்க வேண்டும். வரப்பின் அகலத்தை ஓர் அடிக்குள் குறைத்தால் வளை தோண்டவே இடம் கிடைக்காது.

மருந்துக்கும் எலியின் குணம் தெரிந்திருக்க வேண்டும். புதிய தீனி எதையும் எலி கொஞ்சம் கடித்துப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். துத்தநாகப் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறுவது. சில மணி நேரத்தில் வேலையைக் காட்டிவிடும். போதிய அளவு தின்னாமல் பிழைத்த எலி, அந்தத் தீனியை மறுபடி தொடாது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் விஷம் கலக்காத தீனியை வைத்துப் பழக்குகிறார்கள். புரோமாடியோலோன் வேறு விதம். இரத்தம் உறையத் தேவையான வைட்டமின் கே உடலில் புதுப்பிக்கப்படுவதைத் தடுக்கிறது. எலி சாகச் சில நாள் ஆவதால், தின்றதற்கும் நோய்க்கும் அது முடிச்சுப் போடுவதில்லை. ஆனால் அந்த நஞ்சு ஈரலில் தங்கிவிடும். தள்ளாடும் எலியைப் பிடித்துத் தின்னும் கூகை என்ற ஆந்தைக்கும் போய்ச் சேரும்.

1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆவது அட்டவணை எலி, காகம், பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தீங்குயிர்கள் என்று பட்டியலிட்டது; 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையை நீக்கிவிட்டது. பிறவியிலேயே தீங்குயிர் என்று எதுவும் இல்லை. இடமும் எண்ணிக்கையும்தான் ஓர் உயிரை அப்படி ஆக்குகின்றன.

கூகையை அபசகுனம் என்று கல்லெறிந்து விரட்டுவது எனக்குத் தாங்க முடியாத வேதனை. அதன் ஒரு காதுத் துளை மற்றதைவிடச் சற்று மேலே இருக்கிறது. எலியின் சலசலப்பு இரு காதுகளிலும் வெவ்வேறு விதமாக விழ, கும்மிருட்டிலும் சரியான இடத்தில் பாய்கிறது. எலியை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். கூடு இருக்கும் பாழடைந்த கட்டடத்தின் கீழே அந்த உருண்டைகளைப் பொறுக்கி, நீரில் ஊறவைத்து, இடுக்கியால் பிரித்தால் மண்டையோடும் தாடையும் பல்லோடு கிடைக்கும். பல்லின் அமைப்பைக் கொண்டு வயலெலி எத்தனை, வெள்ளெலி எத்தனை, சுண்டெலி எத்தனை என்று மாணவர் எழுதிவிடுவார்.

கூகை வந்து உட்கார வயலில் பறவைத் தாங்கி நட்டால் போதும். நடவு முடிந்ததும் நட்டு, கதிர் முற்றத் தொடங்கும்போது பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் நெல் கொத்தும் குருவிகள் அதில் வந்து உட்காரும். கூகை வேட்டையாடும் வயலில் புரோமாடியோலோன் வைக்கக் கூடாது.